ரத்தக்காவின் கை நடுங்கிய நாள்

ரத்தக்கா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம். அவள் ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, வாய்தான் கடிக்கும். "குழாயைக் குலுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? ரத்த அணு உடைஞ்சா என்சைம் கண்டபடி ஏறிக் காட்டும். டாக்டர் அதை நம்பித்தானே முடிவெடுப்பார்?" என்று ஒரு புது நர்ஸை அழவே வைத்துவிட்டாள்.

அவளுடைய தம்பிக்கு வயிற்றில் புற்றுநோய். இரண்டு நாளில் ஆபரேஷன். வேறு யாரும் தொடக்கூடாது என்று அடம்பிடித்து அவளே ரத்தம் எடுத்தாள். "சின்ன வயசுல நீ கிள்ளினதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்று அவன் சிரித்தான். அவளுக்குத்தான் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"எல்.டி.எச். என்சைம் எக்கச்சக்கமா இருக்கேம்மா. இவ்வளவு இருந்தா, வெட்டி எடுத்தாலும் நோய் திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டு, முதல்ல மருந்து கொடுத்துப் பார்ப்போமா?"

கூடத்துக்கு ஓடி அந்தக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே நிற்கிற நீர் வெளிர்மஞ்சளாக இருக்கணும். அடக் கடவுளே, ரத்த அணு உடைந்து ரோஸாக இருந்தது!

"நீங்க எடுத்ததாச்சேன்னு நான் பார்க்கவே இல்லக்கா" என்றான் மெஷினில் இருந்தவன்.

அவனை என்ன சொல்ல? நடுங்கின கையோடு அந்தக் குழாயைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியிருக்கிறாள் மகராசி. தனக்கே தெரியாமல்!

நேராக டாக்டரிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். அப்புறம் அந்தப் புது நர்ஸைத் தேடிப் பிடித்தாள்.

"நீ போய் எடு. என் கை இன்னிக்கு என் பேச்சைக் கேக்கல."

"நானாக்கா?"

"நீதான். குலுக்கினே, கொன்னுடுவேன்!"

இந்த முறை நீர் வெளிர்மஞ்சள். ஆனாலும் மெஷின் எண்ணைக் காட்டும்வரை ரத்தக்கா மூச்சே விடவில்லை. இதுவும் ஏறியிருந்தால் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லையே! எண் வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "சொன்ன நாள்லயே செஞ்சிடலாம்."

வார்டில் தம்பி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். "ஏன் ரெண்டு தடவை குத்தினீங்க?"

"முதல்ல குத்தினது உங்க அக்காடா" என்றாள் ரத்தக்கா. "அவளுக்கு ரத்தம் எடுக்கவே தெரியாது." சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க, அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.