பாலத்துக்கு வைத்த பொட்டு

என் அக்கா வேதாவுக்கு நிம்மதியாக இருக்கத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்று கிண்டல் செய்தால், "லாரி ஓட்டறவன் பேசறான் பாரு" என்பாள்.

2004இல் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்னப் பாலத்தில் அவளுக்குச் சித்தாள் வேலை கிடைத்தது. பாரம் ஏறினால் பழைய கான்கிரீட் பீம்கள் ஜாஸ்தியாக வளைகின்றன என்று திருவண்ணாமலை பஸ்ஸையே நிறுத்தியிருந்தார்கள். பீமின் அடியில் ஃபைபர் பட்டையைப் பசை போட்டு ஒட்டினால் வளைவது குறையும், கார்த்திகை தீபத்துக்குள் பஸ் விட்டுவிடலாம் என்றார் என்ஜினீயர் அறிவுச்செல்வன். ஒட்டுவதற்கு முன் பீமைத் தேய்த்துச் சுத்தம் செய்வது அக்காவின் வேலை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டிக்கும் சிமென்ட் சுமக்கும் பாண்டுக்கும் பொட்டு வைத்தவள் பீமை மட்டும் விடுவாளா? குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, தேய்த்து வைத்த இடத்திலேயே பெரிதாக ஒன்று இட்டாள். மறுநாள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அதன் மேல் பட்டையை ஒட்டினார்கள்.

"ஒரு சொட்டு எண்ணெ இருந்தாலும் பசை புடிக்காது" என்று என்ஜினீயர் யாரிடமோ சொன்னது பிறகுதான் அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவும் இல்லை.

ஜல்லி லாரிகளைப் பாலத்தில் நிறுத்திச் சோதிக்கும் நாள் வந்தது. முதல் லாரி என்னுடையது. கிளப்பினேன். அக்கா குறுக்கே ஓடிவந்தாள்.

"எறங்குடா காசி! சார், பட்டைக்கு அடியில எண்ணெப் பொட்டு வெச்சிட்டேன் சார்!"

என்ஜினீயர் சாரத்தில் ஏறி, பட்டையை நாணயத்தால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தது. பட்டையை உரித்தார்கள். மேஸ்திரி அக்காவை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார். எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம். "இத்தினி நாளா வாயில இன்னா வெச்சிருந்த?" என்று கத்தினேன். அழுதாள்.

புதிய பட்டை ஒட்டி, மறுபடி சோதனை வைத்தார்கள். விடிந்ததும் அக்கா என் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்குத்தான் இங்க வேல இல்லியே, எறங்குக்கா."

"மத்த பீமெல்லாம் தேய்ச்சது நானு. நீ ஓட்டு."

பாலத்தின் நடுவில் நிறுத்தினேன். கீழே அளவு பார்த்த என்ஜினீயர், "பீம் அரை நூல்கூட எறங்கல! ரெண்டு பேரும் வெளிய வாங்க!" என்று கத்தினார். நான் குதித்துப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தேன். அக்கா சீட்டை விட்டு இறங்கவில்லை.

"மத்த வண்டிங்களும் ஏறட்டும்" என்றாள்.

என்னால் அவளை விட்டுப் போக முடியவில்லை. ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.