நாலரை அங்குலம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கற்பனை எனக்கு வராது. முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். அரை அங்குலம் பிசகினாலும் இரண்டு குடும்பங்கள் வெட்டிக்கொள்ளும் என்பதால், அளந்ததை மட்டுமே எழுதிப் பழகிய கை இது. வயது எழுபத்தொன்று. கண்ணாடி போட்டால் பார்வையில் குறையில்லை. குடிப்பழக்கம் கிடையாது. இனி நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

சென்ற ஆண்டு என் அண்ணன் காலமானார். அப்பாவின் காரை எனக்கு எழுதி வைத்திருந்தார். கறுப்பு நிறம். முன்னால் தனித்தனி சீட் கிடையாது; ஒரே நீளமான பெஞ்சு சீட். கியர் ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில் இருக்கும். அப்பாவுக்குப் பிறகு அண்ணனைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை.

காரோடு ஒரு கடிதமும் இருந்தது. "நீ வைத்துக்கொள்ளாதே. நாட்டின் மறுகோடியில் பழைய கார்களுக்கென்று ஒரு காட்சியகம் இருக்கிறது. பேசி முடித்துவிட்டேன். லாரியில் ஏற்றி அனுப்பாதே. பழைய சாலை வழியாக நீயே ஓட்டிக்கொண்டு போ. அண்ணியையும் கூட்டிப் போ."

காட்சியகத்தார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காரின் வரலாறும் குடும்பத்தின் வரலாறும் ஒரு பக்கத்தில் வேண்டும். அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்துக் காருக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். எழுதினேன். நேர்மைக்குப் பெயர்போன தகப்பன், இரண்டு மகன்கள், அறுபது வருடம் ஒரு கீறல் விழாத வண்டி. அந்தத் தாளை உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓட்டத் துணிந்தது அந்த ஒரு பக்கத்துக்காகத்தான். அப்பாவின் பெயர் பித்தளையில் நிற்க வேண்டும். கறை இல்லாமல் நிற்க வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அண்ணிக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு தலையணையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"முன்னால உட்காருங்க அண்ணி."

"வேணாம் தம்பி. முன்னால உட்கார்ந்தா உங்களோட சேர்ந்து நானும் பிரேக் போடுவேன். அப்புறம் யார் ஓட்டினதுன்னு சண்டை வரும்."

பத்து நாற்பதுக்கு ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினேன். கதவுகளைப் பூட்டினேன். சாவி என் கையில். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஏறினேன்.

முழங்கால் ஸ்டீயரிங்கில் மோதியது.

சீட் முன்னால் வந்திருந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஆறடி. சீட்டை நகர்த்த வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை. காலை ஊன்றி முதுகால் தள்ளினேன். 'கிரீச்' என்று பின்னால் போனது. பழைய வண்டி, சரிவில் நின்றதால் நழுவியிருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் கார் மேட்டைப் பார்த்து நின்றிருந்தது. நழுவினால் பின்பக்கம்தான் நழுவ வேண்டும்.

ஒன்றேகாலுக்குச் சாப்பிட இறங்கினோம். திரும்பி வந்தால்... மறுபடியும் அதே கதை. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். நாலரை அங்குலம் முன்னால் வந்திருந்தது. இந்த முறை உள்கண்ணாடியும் கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. அதில் என் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது.

"சாவியை வேற யார்கிட்டயாவது குடுத்தீங்களா அண்ணி?"

"நான் உங்க எதிர்லதானே உட்கார்ந்து சாப்பிட்டேன்?" அண்ணி காலை நீட்டிக்கொண்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் எனக்குக் காலை நீட்ட முடியுது. அப்படியே விட்டுடுங்களேன்."

"அப்போ நான் காலைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஓட்டணும்."

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

இரவு ஒரு விடுதியில் தங்கினோம். என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே காரை நிறுத்தினேன். காலை ஆறு பத்துக்குக் கதவைத் திறந்தேன். சீட் முன்னால் இருந்தது. அளந்தேன்.

நாலரை. கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனைவியிடம்கூட நான் சொல்லாதது. நாங்கள் இரண்டு பிள்ளைகள் அல்ல, மூன்று பேர். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஓர் அக்கா. அம்மாவைப் போலக் குள்ளம். அப்பாவுக்குத் தெரியாமல் அண்ணன்தான் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏறியதும் சீட்டை முன்னால் இழுப்பாள். கண்ணாடியைக் கீழே திருப்புவாள். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவாள்.

எனக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இருபத்திரண்டு. ஒருநாள் காலை அவளையும் காணோம், காரையும் காணோம். அப்பாவும் அண்ணனும் வாடகைக் காரில் தேடிப் போனார்கள். மூன்றாம் நாள் எங்கள் கார் வீடு திரும்பியது. அக்கா வரவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்தார். "உங்க அக்கா மாமா வீட்டுக்குப் போன இடத்துல காய்ச்சல்ல செத்துட்டா. யார் கேட்டாலும் இதுதான்."

"சரிப்பா" என்றேன். எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அதன்பின் அவளை அறிந்தவர் யார் கேட்டாலும் காய்ச்சல் என்றேன்; அறியாதவர்களிடம் நாங்கள் இரண்டு பிள்ளைகள் என்றேன். ஐம்பத்தாறு வருடம் தடுமாறாமல் சொன்னேன்.

விடுதி வாசலில் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு ஏறினேன். அன்று பகல் முழுக்கக் காரை விட்டு இறங்கவே மனமில்லை. இறங்கினால்தானே நகரும் என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

மாலை ஆறு இருபத்தைந்து. தூறல். இரண்டு பக்கமும் வெட்டவெளி. வீடு இல்லை, விளக்கு இல்லை. பதினைந்து நிமிடமாக எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை. வேகம் அறுபது. வைப்பரின் சத்தம் மட்டும். கிரீச்... கிரீச்...

டக்.

எனக்கு அடியில் ஏதோ அசைந்தது.

டக்.

சீட் என்னையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. வெடுக்கென்று இல்லை. பல் பல்லாக, நிதானமாக.

டக்... டக்...

முழங்கால்கள் டேஷ்போர்டில் இடித்தன. ஸ்டீயரிங் நெஞ்சை அழுத்தியது. பிரேக்குக்குக் காலைத் தூக்க இடமில்லை. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அணையவில்லை.

"தம்பி... நிறுத்துங்க."

"முடியல அண்ணி."

அப்போது கார் தானாக வேகம் குறைந்தது. குனிந்து பார்த்தேன்.

பிரேக் பெடல் கீழே போயிருந்தது. என் கால் அதன்மேல் இல்லை.

கார் சாலையோரம் ஒதுங்கி நின்றது. மூச்சுத் திணறிக் கதவைத் திறந்து வெளியே விழுந்தேன். எழுந்து திரும்பிப் பார்த்தேன்.

கதவு மூடிக்கொண்டது.

அறைந்து மூடவில்லை. கைப்பிடியை அழுத்திப் பிடித்து, ஓசை கேட்காமல்... வீட்டில் தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாது என்பதைப் போல.

உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சீட்டின் தோல் அமுங்கியிருந்தது.

ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி.

உள்கண்ணாடி மெல்லத் திரும்பியது.

என் பக்கம்.

கண்ணாடியில் எதுவும் இல்லை. ஆனாலும் அது என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

பின்சீட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கூப்பிடுங்க தம்பி."

"யாரை?"

"உங்க அக்காவைத்தான்."

எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவருக்கு இரண்டு மகன்கள் கதை மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அந்தச் சொல்லைச் சொல்லி ஐம்பத்தாறு வருடம் ஆகியிருந்தது.

"அக்கா."

இன்ஜின் நின்றது.

தூறல் மட்டும்.

டக்... டக்... டக்... சீட் பின்னால் போனது. பழைய இடத்துக்கே போனது. அமுங்கியிருந்த தோல் மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

மணி ஆறு நாற்பத்தொன்று.

"ஏறுங்க தம்பி" என்றார் அண்ணி. "இடம் விட்டுட்டா."

மறுநாள் காலை காட்சியகத்தில் காரை ஒப்படைத்தேன். பொறுப்பாளர் குடும்ப வரலாற்றைக் கேட்டார். உறையை எடுத்துக் கொடுத்தேன். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. களைப்பு, தூறல், கிழவனின் பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவின் பெயர் அதைவிடப் பெரிது.

இரண்டு நாள் கழித்து, ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அங்கிருந்த மெக்கானிக் என்னை அழைத்தார்.

"சார், சுத்தம் பண்றதுக்கு முன்சீட்டைக் கழட்டப் பார்த்தோம். கழட்ட வரல. கீழ ரெண்டு பக்கமும் வெல்டு வச்சிருக்காங்க."

"எது ரெண்டு பக்கமும்?"

"சீட்டு நகர்ற இரும்புத் தடம் சார். ரொம்பப் பழைய வெல்டு. மேல பெயிண்ட்டும் அடிச்சிருக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"வழியில அது நகர்ந்துச்சு. நானே தள்ளினேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பொருட்படுத்தவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு தரையில் படுத்து நானே பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல் கனத்துக்கு வெல்டு. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட். பெயிண்ட்டில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

"கட்டரால அறுத்தாலொழிய இது அசையாது சார்" என்றார் அவர்.

பொறுப்பாளரிடம் சொல்லித் தாளைத் திரும்ப வாங்கினேன். விடுதி அறைக்கு வந்தேன். 'இரண்டு மகன்கள்' என்பதை அடித்தேன். அக்காவின் பெயரை எழுதினேன். பிறந்த வருடத்தை எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"அண்ணி, அக்கா எப்போ செத்தா? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரியில கடைசி வாரம் சொன்னாரு. காரை ஒரு ரோட்டோரமா பார்த்தாங்களாம். எந்த இடம்னு சொல்லல. இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சாம். கதவு சாத்தியிருந்துச்சாம். உள்ள ஆள் இல்ல."

"தேடினாங்களா?"

"உங்கப்பா வாடகைக் காரை விட்டு இறங்கவே இல்லையாம். 'சத்தம் போட்டுக் கூப்பிட்டா நாலு பேர் கூடுவான், மானம் போயிடும். வண்டியை எடு'ன்னாராம்."

"அண்ணன்?"

"எடுத்தாரு. வீடு வந்து சேர்றதுக்குள்ள மூணு தடவை சீட்டு முன்னால வந்துச்சாம். மறுநாளே உங்கப்பா ஆளைக் கூப்பிட்டு வெல்டு வச்சிட்டாரு."

அண்ணி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொன்னாரு தம்பி. ஓட்டறதுக்கு உட்கார்ந்தப்போ சீட்டு சூடா இருந்துச்சாம். அப்பத்தான் யாரோ எழுந்து போன மாதிரி."

பிறந்த வருடத்துக்குப் பக்கத்தில் நான் எதையும் எழுதவில்லை. பித்தளைத் தகட்டிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது.