முதலில் சாகிறவர்

அய்யாவு செத்து விழுவதைச் சபையில் யாரும் கவனித்ததில்லை. திரை தூக்கி ஏழாவது நிமிஷத்தில் சாகிறவரை யார் கவனிப்பார்கள்? பாதி ஜனம் அப்போதுதான் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும்.

1959-ல் பெங்களூர் அல்சூரில் எங்கள் சங்கம் போட்ட ‘கடைசி ஆள்’ நாடகத்தைச் சொல்கிறேன். எழுதி நடத்தியவர் சேஷகிரி சார், சர்க்கார் ஆபீஸில் ஹெட்கிளார்க். கதை கி.பி. இரண்டாயிரத்தில் நடக்கிறது. நாட்டில் சோறு தீர்ந்துபோகிறது. சர்க்கார் பத்துப் பேரைப் பிடித்து, ஒரே ஒரு பானைச் சோற்றோடு கோட்டைக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறது. ஒருவரையொருவர் கொன்று கடைசியில் மிஞ்சுகிறவனுக்குத்தான் பானை. ரேஷன் கடை க்யூவில் நின்றுவிட்டு ஒத்திகைக்கு வந்த எங்களுக்கு இதில் பெரிய கற்பனை ஒன்றும் தெரியவில்லை. நான் பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிறவன். மேடையேறுகிற முகம் எனக்கில்லை என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அய்யாவுக்கு வசனம் கிடையாது. பானையை நோக்கி ஓடி, முதல் குத்தை வாங்கிக்கொண்டு விழவேண்டும், அவ்வளவுதான். ஆனால் செத்தவர்களை மேடையை விட்டு எடுக்கக்கூடாது என்பது சாரின் பிடிவாதம். பிணங்களுக்கு நடுவில் நின்று ஜெயித்தால்தான் உறைக்குமாம். ஆகவே ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடக்கவேண்டிய வேஷம் அது. யாரும் தொடவில்லை. அய்யாவு தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைக் காலி செய்தபோது அவருடைய மெஸ் வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு பஞ்சாலையில் மூட்டை தூக்கினார். வீடு ஒற்றை அறை. மனைவி சந்திரம்மா, நாலு பிள்ளைகள், புருஷனை இழந்து வந்த தங்கை தனக்கோடி, அவளுக்கு மூன்று. எண்ணிப் பார்த்தால் அங்கேயும் பத்துப் பேர். பெண்களும் பிள்ளைகளும் படுத்தது போகக் கதவோரம் கொஞ்சம் மிஞ்சும். அங்கே முழங்காலை மடக்கி, சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் சந்திரம்மா அவர் பாதத்தைத் தட்டி எழுப்பித் தட்டு வைப்பாள்.

“ரெண்டு வருசமா கால நீட்டிப் படுக்கல சார்” என்றார் ஒருநாள், டீ குடித்துக்கொண்டே. குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வோமே, அப்படிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. குத்து விழுந்ததும் அய்யாவு சாய்வார், இரண்டு காலையும் மெல்ல நீட்டுவார், இரண்டாவது கொலை விழுவதற்குள் தூங்கிப்போவார். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். குறட்டை மட்டும் இல்லாதிருந்தால் அவரைப் போல ஒரு பிணம் எந்த சபாவுக்கும் கிடைத்திருக்காது.

நாடகப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது சாருக்குப் பொறுமை போய்விட்டது.

“பிணம் குறட்டை விடுமா ஓய்? வைக்கோல் பொம்மை ஒண்ணு பண்ணிப் போட்டுடலாம். அது சத்தம் போடாது.”

மில்லில் மேஸ்திரி திட்டினால்கூட வாயைத் திறக்காத மனுஷன், அன்றைக்குத் திறந்தார். “வாணாம் சார். முழிச்சிக்கினே கெடக்கறேன். அந்த எடத்த மட்டும் பொம்மைக்குக் குடுத்துடாதீங்க.” எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. சார் கொஞ்சம் இறங்கி வந்தார். என்னிடம் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்து, “வைத்தி, சத்தம் வந்தா உள்ளங்காலைத் தட்டு” என்றார்.

போட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில், சாயந்திரம் ஐந்து மணிக்கு. அய்யாவு சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தொடையைக் கிள்ளிக்கொண்டே கிடந்தது என் பக்கத்திலிருந்து தெரிந்தது. ஒவ்வொருவராக விழுந்து, கடைசிக் காட்சியும் வந்தது. ஜெயிக்கிறவன் வேஷம் ஃபிட்டர் ராஜேந்திரனுக்கு. ஒன்பது பிணங்களுக்கு நடுவே பானையைத் தூக்கிப் பிடித்தான்.

“இந்தச் சோற்றை உண்ண, என்னைத் தவிர எவரேனும் மிச்சமிருக்கிறீர்களா?”

அதற்குப் பிறகு பத்து எண்ணுகிற வரைக்கும் மேடையில் அமைதி இருக்கவேண்டும். மூன்று எண்ணுவதற்குள் அய்யாவிடமிருந்து மெல்லக் குறட்டை கிளம்பிற்று. நான் குச்சியால் உள்ளங்காலைத் தட்டினேன்.

அய்யாவு எழுந்துவிட்டார். கண் சரியாகத் திறக்கவில்லை. ராஜேந்திரன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் துடைத்துவிட்டு, “பசங்கள்லாம் துன்னாங்களா?” என்று கேட்டார்.

முந்நூறு பேர் இருந்த ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜேந்திரன் பானையோடு அப்படியே மண்டி போட்டுவிட்டான். திரையை இறக்குங்கடா என்று சார் கத்திக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். அந்தக் கடைசி வசனத்துக்காகவே கொடுத்தோம் என்றார் நடுவர். அதை எழுதாத சேஷகிரி சார் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார். மறுநாள் நோட்டில் சிவப்பு மையால் அதை எழுதிச் சேர்த்தார். “அய்யாவு, இனிமே அது உன் வசனம்.”

அதற்கப்புறம் ஊரூராகக் கூப்பிட்டார்கள். ஜனம் அய்யாவைப் பார்க்கவே வந்தது. மில்லில் மேஸ்திரி கைகுலுக்கினாராம். ஆனால் வசனம் உள்ளவர் தூங்கமுடியுமா? ஒன்றரை மணி நேரமும் காலை நீட்டியபடி, தொடையைக் கிள்ளிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்துக் கிடந்தார். நாலாவது ஆட்டம் முடிந்ததும் சாரிடம் வந்து நின்றார்.

“சார், அந்த வசனத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு சாவறது மட்டும் போதும்.”

சார் பலமாகச் சிரித்தார். “நீ சொன்னாத்தான்யா ஜனம் அழறது.”

“சரி சார்” என்றார் அய்யாவு. இன்னும் இரண்டு ஆட்டத்துக்கு வந்தார். பிறகு வரவில்லை.

கையோடு கூட்டி வா என்று சார் என்னை அனுப்பினார். போனபோது நல்ல மழை. எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். அடுப்புப் பக்கம் தனக்கோடி, தரை முழுக்கப் பிள்ளைகள். கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு அய்யாவு தூங்கிக்கொண்டிருந்தார். சந்திரம்மா எழுந்து எனக்கு வழி விட்டாள்.

“எழுப்பட்டுங்களா சார்? காலத் தட்னா எழுந்துடுவாரு.”

அந்தக் குச்சியால் நான் தட்டாமல் இருந்திருக்கலாம். குறட்டைதானே, விட்டிருக்கலாம். பரிசு கிடைத்திருக்காது, ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது.

“வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டு மழையோடு திரும்பினேன். அய்யாவு வீட்டில் இல்லை, எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை என்று சாரிடம் சொன்னேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில், அவர் இடத்தில் வைக்கோல் பொம்மை காலை நீட்டிப் படுத்திருந்தது.