ஆடியில் வைத்த வேகம்

தென்காசியில் முத்துச்செல்வி வீட்டு மாடியறையில் இருக்கும் கம்ப்யூட்டரை அவள் கணவன் சங்கரபாண்டி "என் சக்களத்தன்" என்றுதான் சொல்வான். புளியறை சோதனைச்சாவடியில் அவன் ஏட்டு. வேலை முடிந்து வந்ததும், "சக்களத்தன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவான். பொறாமையில் நியாயமும் உண்டு. அதற்குச் செய்த பணிவிடையில் கால்வாசிகூட அவள் அவனுக்குச் செய்ததில்லை.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது முத்துச்செல்வியின் தொழில். கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு. உள்ளே இருக்கும் ப்ராசஸரோ அன்றைக்கே விலை குறைந்த ரகம். அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. பெரிய ஃபேன் ஒன்றை மாட்டி, கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேல் அதை ஓடவிடத் தானே படித்துக்கொண்டாள். ஓவர்க்ளாக் என்று அதற்குப் பெயர். மூன்று புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடப் பிறந்ததை நான்கு புள்ளி நான்குக்குக் கொண்டுபோனாள். வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் அணைந்துவிடும். அதனால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். ஒரு தடவைகூட அணையவில்லை. அன்றைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பங்குனியில் ஆய்க்குடி மாடக்கண்ணு மகள் அபியின் கல்யாண வீடியோ வேலை வந்தது. மாடக்கண்ணு வயலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒற்றை மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் கட்டிலோடு கிடந்தவர். மாப்பிள்ளைக்கு ராணுவத்தில் வேலை.

"யக்கா, வெள்ளிக்கெழம நாங்க ராஜஸ்தானுக்குப் பொறப்படுதோம்" என்றாள் அபி போனில். "அதுக்கு முந்தி அப்பா பக்கத்துல ஒக்காந்து வீடியோவப் பாக்கணும்க்கா. அடுத்த லீவு எப்பன்னு தெரியாது. அப்பா வாயத் தொறந்து கேக்கமாட்டாவ."

"ஏன் பிள்ள அழுத? வியாழக்கெழம கொண்டாந்து தாரேன்" என்று முத்துச்செல்வி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில், வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்க விட்டாள். பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தது. தூசி தட்டினாள், ப்ராசஸர் மேல் பூசும் பேஸ்ட்டை மாற்றினாள், கரண்ட்காரனைத் திட்டினாள். மறுபடியும் பாதியில் அணைந்தது. தான் வைத்த வேகத்தை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

மத்தியானம் வந்த சங்கரபாண்டி அறைக்குள் நுழைந்ததுமே வியர்வையைத் துடைத்தான். கம்ப்யூட்டர் பாதியில் பாதியில் அணைந்துபோவதை அவள் சொன்னாள்.

"ஏட்டி, இந்த வேகத்த எப்ப வச்ச?"

"போன ஆடியில. நாள் முழுக்க ஓடவிட்டுப் பாத்துட்டுத்தான வச்சேன்?"

"சன்னலத் தொறந்து போட்டுக்கிட்டா?"

"ஆமா" என்றவள் அப்படியே நின்றாள். ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று அந்த மேற்குச் சன்னல் வழியாகச் சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது. போர்வை போர்த்திக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தாள்? அவள் பட்ட பெருமையில் பாதி சாரலுக்குச் சேர வேண்டியது.

"அருவிக்கரையில நின்னுக்கிட்டு எனக்கு வேக்கவே வேக்காதுன்னு சொன்ன கதையால்லா இருக்கு!" என்று சிரித்தவன், அவள் கண் கலங்குவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஏ, அழாத. பழைய வேகத்துக்கே எறக்கு. இந்தக் கெழட்டுச் சக்களத்தன் நடந்தாவது ஊரு போய்ச் சேந்துருவான்."

இறக்கினாள். ஆனால் அந்த வேகத்தில் முழுப் படமும் வியாழனுக்குள் முடியாது. மாடக்கண்ணுக்கு வேண்டியதை மட்டுமாவது கொடுப்போம் என்று, கேமராவில் எடுத்ததையெல்லாம் முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தாள். படம் ஓடவில்லை, திக்கித் திக்கி நகர்ந்தது. தாலி கட்டும் நேரத்தில் அபியின் கண் மாப்பிள்ளையை விட்டுப் பக்கவாட்டில் போயிற்று. இப்படிக் கண் தப்பிய இடங்களை வெட்டி எறிவது முத்துச்செல்வியின் வழக்கம், இதையும் எறிந்திருந்தாள். இப்போது படம் அங்கேயே சிக்கி நின்றது. ஓரத்தில் யாரோ ஒருவர் கை. கையில் நீட்டிப் பிடித்த போன். அந்தக் குட்டித் திரையில், வீடியோ காலில், தலையணையில் சாய்ந்த மாடக்கண்ணு முகம்.

"அடிப் பாவி, இதையா வெட்டிப் போட்டேன்?" என்று தன்னையே வைதுகொண்டாள். அந்த இடத்தை நடுவில் வைத்துச் சின்னப் படமாக முடித்தாள். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையாமல் மெதுவாகச் செய்து கொடுத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆய்க்குடியில், கட்டிலை ஒட்டி அபியும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்க, முத்துச்செல்வி டிவியில் பென்டிரைவைச் செருகிவிட்டு ஓரமாக நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. அபியின் கண் பக்கத்தில் நீட்டியிருந்த போனுக்குத் திரும்பியது.

மாடக்கண்ணு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இந்நேரந்தான் எனக்கு போன்ல படம் நின்னு போச்சு பிள்ள. மேளச் சத்தம் மட்டுந்தான் கேட்டுது. நீ வருத்தப்படுவன்னு சொல்லல" என்றார். பிறகு மெதுவாக, "தாலி ஏறும்போது என்னையவா பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

அபி அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"முத்துச்செல்வி" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்த எடத்துலயே கொஞ்சம் நிப்பாட்டி வையேம்மா."