காலியாகத் திரும்பாத பாத்திரங்கள்

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது ஒரு நாள் எனக்குக் கண் இருட்டியது. கம்பியைப் பிடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செய்தி கேட்ட அம்மா கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு ரயிலேறி வந்துவிட்டாள். என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். என் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

"உன்ற உடம்புல மொதல்ல ரத்தம் ஏறட்டும் கண்ணு. அப்பறம் புள்ளையக் கொண்டாந்து உடறேன்."

கணவர் கம்பெனி வேலையாக வெளிநாட்டில் இருந்தார். புனேயின் ஔந்த் பகுதியில் இருந்த வீட்டில் நான் மட்டும். டாக்டரம்மா தந்த மாத்திரையோடு ஒழுங்காகச் சாப்பிட்டால் மகள் வந்துவிடுவாள். அவ்வளவுதானே! அந்தச் சனிக்கிழமையே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன்.

தனி ஆளுக்கென்று அங்கே எதுவும் விளையவில்லை. வெந்தயக்கீரைக் கட்டு கல்யாணப் பூச்செண்டு அளவுக்கு இருந்தது. "பாதி தருவீங்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

"மீதியை யாருக்குக் கொடுப்பேன், உன் மாமியாருக்கா?" என்றாள் கீரைக்காரி. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முழுக்கட்டை வாங்கினேன். பிறகு பீட்ரூட், முருங்கைக்காய், பேரீச்சை, வெல்லம். வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவை முதுகால் தள்ளித்தான் மூட முடிந்தது.

சமைக்க ஆரம்பித்ததும் சந்தேகங்கள் வந்தன. டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று படித்திருந்தேன். பாதி டம்ளர் குடித்த பிறகுதான் அது நினைவுக்கு வரும். பயந்துபோய் எலுமிச்சம்பழத்தைச் சப்புவேன். கீரையைத் தயிரோடு சாப்பிடலாமா? பீட்ரூட்டை வேகவைத்த தண்ணீரைக் கொட்டலாமா? கொட்டிவிட்டு, ஐயோ, சத்தெல்லாம் போச்சே என்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் இட்லியே நல்லது என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு அம்மா வாங்கித் தந்த கிரைண்டர் இருந்தது. அதில் ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் கல்லுக்குப் பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுற்றும். அதனால் கல்லுக்குப் போதுமான அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டினேன். அது மே மாதம் என்பதை மறந்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு, மேடையைக் கடந்து, கேஸ் அடுப்பைச் சுற்றி வளைத்திருந்தது.

வழித்துக் கொட்டியது போகவும் மூன்று அடுக்கு மாவு மிச்சம். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கிருந்த மராத்திப் பெண்மணியைக் கட்டடத்தில் எல்லோரும் காகு என்றுதான் கூப்பிடுவோம். சித்தி என்பது போல.

"அரே தேவா! ஹோட்டல் வைக்கப் போறியா?"

"ஒருத்திக்குத்தான் ஆட்டினேன், காகு."

"ஒருத்திக்கா? உனக்கு எத்தனை வயிறு?"

ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டார். மேல்மாடியில் ஒன்றும் கீழ்மாடியில் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டு, தப்பித்தேன் என்று வீட்டுக்கு ஓடி வந்தேன்.

ஆனால் யாராவது கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை. மாலையில் காகுவிடமிருந்து என் டப்பா வந்தது, உள்ளே உசல் என்ற முளைகட்டிய பயறுக் குழம்பு. மேல்மாடி டப்பாவில் வேர்க்கடலைப் பொடி தூவிய கீரை, கீழ்மாடி டப்பாவில் கம்பு ரொட்டி. டப்பாவில் அடங்காததைத் தங்கள் பாத்திரங்களிலும் அனுப்பியிருந்தார்கள்; இப்போது அவை என் வீட்டில்! அவற்றை நான் மட்டும் எப்படிக் காலியாக அனுப்புவது? முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். அதற்குத் தாலிபீட் என்ற பலமாவு அடை வந்தது. பீட்ரூட் பொரியலுக்கு ராகிக் கஞ்சி வந்தது. படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். ஒரு நாள் எதற்காக ஏறினேன் என்பதே மறந்துபோய் வாசலில் நின்று சிரித்தேன். கண் இருட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பரிசோதனையின் முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "நல்லா ஏறியிருக்கே! என்ன சாப்பிட்டீங்க?" என்றார். என்னவென்று சொல்வது? "மாவு ஆட்டினேன்" என்றேன். அவர் மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

அம்மா போனில் நம்பவே இல்லை. "நெசமாவா? உன்ற கொரலே வேற மாதிரி இருக்குதே! ஒளறாம இரு, டிக்கெட் போடச் சொல்றேன்."

மகள் வந்த அன்று காகு அவளை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். தாலிபீட்டில் ஒரு துளி கிள்ளி அவள் வாயில் வைத்தார்.

"காகு, காரம் இருக்கா? கடலை போட்டிருக்கா? தொண்டையில அடைக்காதே?"

காகு இன்னொரு துளி கிள்ளினார். மகள் மறுபடி வாயைத் திறந்தாள்.