பேசாத படத்துக்கு நான் பேசினேன்

ஏழு வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போனது. பேச்சும் மெல்ல நின்றது. தேனியில் ஒரு பேசாத படம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். தேவாரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். கல்யாணமான புதிதில் எனக்காகக் கைமொழி கற்றுக்கொண்டவர் அவர். இரண்டு மூன்று வருஷமாக எதையும் செல்போனில் தட்டி என் பக்கம் நீட்டுவதோடு சரி.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியப் படம். அதிகம் பேர் பார்த்திராதது. நடுநடுவே வரும் எழுத்துகள் தனக்கும் புரியாது என்று, படம் போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

கதையில் ஒரு கணவனும் மனைவியும். ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். அவன் அவளை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. நடுவில் அவளுடைய அம்மா வந்து, மகளைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போகிறாள். கடைசியில் மனைவி பெட்டியோடு வாசல்வரை போகிறாள். அவன் ஏதோ சொல்கிறான். அவள் நின்றுவிடுகிறாள். அவ்வளவுதான் படம்.

விளக்கைப் போட்டதும் ஒரே வாக்குவாதம். அவன் மன்னிப்புக் கேட்டான் என்று பாதிப் பேர், மிரட்டினான் என்று மீதிப் பேர். கணவர் அதைத் தட்டிக் காட்டியதும் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று கைகளால் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் எழுந்தார். தடுமாறினார், இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு என் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். அவர் உதட்டை நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவன் மன்னிப்பும் கேக்கலையாம், மெரட்டவும் இல்லையாம். அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டானாம். மொத அவ ஆத்தா கூப்பிட்டாகள்ல, அப்ப வாய் எப்பிடிக் குவிஞ்சுச்சோ, இங்கனயும் அப்பிடியேதான் குவியுதாம்."

ஆசிரியர் அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டார். அதே வாய், அதே குவிப்பு. அது அவளுடைய பெயரேதான்.

எனக்கு எப்படிக் கை தட்டுவது என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். கணவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டிக் காட்டினார். அறை முழுக்க எண்பது கைகள் ஆடின. அழுதேன், வெட்கப்படவில்லை.

இப்போது மாதம் ஒரு பேசாத படம் போடுகிறோம். முன்னால் நின்று நான் சொல்ல, அவர் குரல் கொடுக்கிறார். போன தடவை, நான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் என்னோடு கைமொழியிலேயே மல்லுக்கட்டினார். கடைசியில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டோம். ஜெயித்தது நான்தான்.