கண்ணாடியில் தெரிந்த ஒரு சாண்

போன வாரம் மகள் என்னை வம்படியாக நகம் திருத்தும் கடைக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த பெண் அரத்தை எடுத்துக்கொண்டு, "ஆன்ட்டி, வட்டமா, சதுரமா?" என்றாள். "ரம்பம் மாதிரி வச்சு விடு" என்றேன். கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். நகத்தூளின் கருகின வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்கிற ஊரில் இருந்த நெசவுப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

ஆற்றுப் பாலம் வந்த புதிதில் ஒரு ஜப்பான்காரர் அங்கே தறி போட்டார். கிமோனோவுக்கு இடுப்பில் கட்டுகிற பட்டுப் பட்டையை ஒபி என்பார்கள். அதைப் பன்னிரண்டு பெண்கள் நெய்தோம். நகத்தின் நுனியைப் பல் பல்லாக அராவிக்கொண்டு, அந்தப் பல்லால்தான் ஊடை நூலை இழுத்து நெருக்க வேண்டும். அந்த நகத்தோடு சோறு பிசைந்து பாருங்கள், தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் என் விரலைப் பார்த்துவிட்டு டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். மாப்பிள்ளையும் பார்க்கிற மாதிரி இல்லை, விடுங்கள்.

இந்த நெசவில் ஒரு கொடுமை உண்டு. துணியின் பின்பக்கம்தான் நெய்கிறவளுக்குத் தெரியும். முன்பக்கம் கீழே இருக்கும். குனிந்து சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தால் ஒரு சாண் பார்க்கலாம். நெய்தது உருளையில் சுருண்டுகொண்டே போகும். முடிந்ததும் மேஸ்திரி அப்படியே பெட்டியில் கட்டிவிடுவார்.

கூட நெய்த முத்தம்மாக்கா, பர்மாவில் நாங்கள் இருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் தெருக்காரி. பர்மியப் பெண்களுக்கு அவள் மா மூ. எங்களில் அவள் கைதான் கை. எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு கொக்குக் கூட்டம் நெய்தாள். முடிகிற வாரம் பஸ்ஸில் என் காதோடு சொன்னாள்: "தங்கச்சி, நீதான் சயாகிட்ட ஜப்பான் பாஷை பேசுறியே. அனுப்புறதுக்கு முன்னாடி ஒருக்கா விரிச்சுக் காட்டச் சொல்லேன். முழுசாப் பாத்துட்டாப் போதும்."

முதலாளியைத்தான் சயா என்போம். என் ஜப்பான் பாஷை மொத்தம் பத்து வார்த்தை. அதற்கே எனக்குத் தலைகால் புரியாது. கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மின்விசிறி கேட்ட ஒருத்தியை மேஸ்திரி வேலையைவிட்டே நிறுத்தியிருந்தார், அந்தப் பயம்தான் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமாவது ஒன்றாவது, பொறாமை. அதை விரித்துவிட்டால் என் துணியை யார் பார்ப்பார்கள்?

பெட்டி போன அன்று பஸ்ஸில் கேட்டாள், "கேட்டியா?"

"கேட்டேங்க்கா. முடியாதுன்னுட்டாரு."

பாலம் முடிகிற வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் எனக்கென்று தூக்கில் மீன்குழம்பு ஊற்றின சேமியா, மொஹிங்கா, கொண்டுவந்தாள், நான் போய்க் கேட்டதற்காக. வெட்கமில்லாமல் தின்றேன்.

இரண்டு வருஷத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் பட்டறையையும் மூடினார்கள். கடைசி நாளில் சயா எங்கள் எதிரில் நின்று தலை குனிந்து வணங்கினார். பிறகு அரைகுறைப் பர்மியத்தில் என்னிடம் கேட்டார்: "எங்க ஊர்ல நெய்தவங்கதான் முதல்ல விரிச்சுப் பார்ப்பாங்க. நீங்க ஒருத்தர்கூடக் கேக்கலையே, ஏன்? உங்களுக்கு இந்த வேலை பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

நானும் குனிந்து வணங்கிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது அரிசிக் கிடங்கு. முத்தம்மாக்காவின் வீட்டை இடித்துவிட்டார்கள். அவள் பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. அக்கா காய்ச்சலில் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "எனக்காக இவதான் சயாகிட்டப் போய்க் கேட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய் என்று போய்ச் சொல்ல எனக்கு ஓர் ஆள்கூட மிச்சமில்லை.